முதுகுக்குப் பின்னே ஒரு கியர் பெட்டி!

ஈரோட்டில் மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் உங்கள் ஆட்டோ மாட்டிக்கொண்டு நின்றதுண்டா? நிச்சயம் நின்றிருக்கும். ஹாரன் அடித்துப் பிரயோசனமில்லை. லாரி நகர்ந்தால்தான் நாம் நகர முடியும். அந்த நேரத்தில் பொழுது போகாமல் லாரியின் அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே, பானையைக் கட்டித் தொங்கவிட்டாற்போல, உப்பிய இரும்பு உருண்டை ஒன்று தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அந்த உருண்டையையும் அதன் உடன்பிறப்பான கியர் பெட்டியையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "அடுப்படிக்கும் கியர் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இதிலும் ஒரு கதை இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கதாநாயகர். பந்தயம் உண்டு, தோல்வி உண்டு, வெற்றி உண்டு, ஒரு துக்கமும் உண்டு. கதையின் முடிவில், உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சின்னக் காரைப் பார்க்கும்போது கொஞ்சம் மரியாதையும் வரும்.

நடுவிலே ஒரு மேடு

அம்பாஸடர் காரிலும் பழைய பியட் காரிலும் போனவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். பின் ஸீட்டில் நடுவே உட்காருகிறவருக்குக் கால் வைக்க இடம் இராது. தரையில் நீளமாக ஒரு மேடு ஓடும். கலியாணத்துக்குப் போகும்போது வீட்டின் கடைக்குட்டிக்கு அதன்மேல்தான் ஆசனம்.

"ஏனுங்க, இந்த மேடு எதுக்குங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "வண்டின்னா அப்படித்தான் இருக்கும் அம்மணி!" என்று பதில் வந்திருக்கும். உண்மைக் காரணம் இதுதான். அந்தக் கார்களில் எஞ்சின் முன்னால் இருந்தது. கியர் பெட்டி அதை ஒட்டி இருந்தது. ஆனால் சுழல வேண்டியவை பின் சக்கரங்கள். ஆகவே முன்னிருந்து பின்னுக்குப் பலத்தைக் கொண்டுபோக நீண்ட இரும்புத் தண்டு ஒன்று வேண்டியிருந்தது. அந்தத் தண்டு போகிற பாதைதான் அந்த மேடு. அது போய்ச் சேரும் இடம், லாரியில் பார்த்தோமே, அந்த உருண்டை. அதற்கு டிபரென்ஷியல் என்று பெயர்.

1983-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் மாருதி 800 வந்தது. நடுவிலிருந்த அந்தப் பெரிய மேடு அதில் இல்லை! சின்ன வண்டியாக இருந்தும் உள்ளே தாராளமாக இருக்கிறதே என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர் பெட்டியையும் டிபரென்ஷியலையும் ஒரே கூட்டுக்குள் அடக்கி, முன் சக்கரங்களையே சுழற்றும்படி செய்திருந்தார்கள். நீண்ட தண்டுக்கு அங்கே வேலையே இல்லை.

இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்த இந்தப் பெட்டிக்கு டிரான்ஸாக்ஸில் என்று பெயர். வாயில் நுழையாத பெயராக இருக்கிறதல்லவா? நம் சௌகரியத்துக்காக இதை 'இரட்டைப் பெட்டி' என்று வைத்துக்கொள்வோம்.

பெட்டிக்குள் இரண்டு வேலை

இரட்டைப் பெட்டிக்கு இரண்டு வேலை. முதல் வேலையை உங்கள் கிரைண்டரைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். கிரைண்டரில் மோட்டார் வெகு வேகமாகச் சுழல்கிறது. கல்லோ நிதானமாகச் சுற்றுகிறது. மோட்டாரின் வேகம் அப்படியே கல்லுக்கு வந்தால் மாவு சுவரில் இருக்கும், பாத்திரத்தில் இராது! சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றும்போது வேகம் குறைகிறது, பலம் கூடுகிறது. ஊறின உளுந்தை அரைப்பது அந்தப் பலம்தான்.

காரிலும் இதே கணக்கு. நின்ற வண்டியைக் கிளப்பப் பலம் அதிகம் வேண்டும், வேகம் வேண்டாம். நெடுஞ்சாலையில் ஓடும்போது வேகம் வேண்டும், பலம் அவ்வளவு வேண்டாம். ஆகவே ஒரே ஜோடிப் பற்சக்கரம் போதாது. நாலைந்து ஜோடி வைத்து, வேண்டியபோது வேண்டியதைப் பிடித்துக்கொள்கிறோம். கியர் மாற்றுவது என்றால் அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை டிபரென்ஷியலுடையது. நாலு குழந்தைகள் வரிசையாகக் கைகோத்து ஒரு திருப்பத்தில் திரும்பினால் என்ன ஆகிறது? உள்பக்கத்துக் குழந்தை நின்ற இடத்தில் அடி வைக்கிறது. வெளிப்பக்கத்துக் குழந்தை ஓட வேண்டியிருக்கிறது. காரின் சக்கரங்களுக்கும் இதே கதிதான். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் சுழற்றினால் டயர் தேயும், வண்டி திரும்ப முரண்டு பிடிக்கும். ஒரே எஞ்சினின் பலத்தை இரண்டு சக்கரங்களுக்கும் பங்கிட்டு, "நீ கொஞ்சம் மெதுவாக, நீ கொஞ்சம் வேகமாக" என்று விட்டுக்கொடுக்க வைக்கிறது டிபரென்ஷியல். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் செய்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

குடம் இடுப்பில் இருக்கட்டும்

இனிப் பந்தயக் காருக்கு வருவோம். பந்தயக் காரில் எஞ்சின் முன்னாலும் இராது, வாலிலும் இராது. ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால், நடுவாக உட்கார்ந்திருக்கும். ஏன் அப்படி?

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். சுலபமாகத் திரும்பலாம். அதே குடத்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். குடம் உங்களை இழுத்துக்கொண்டு போகும்! பாரம் உடம்பின் நடுவில் இருந்தால் திரும்புவது எளிது. காரின் பெரிய பாரம் எஞ்சின். அது நடுவில் இருந்தால் வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்கும்.

நடுவில் எஞ்சின் உள்ள வண்டியை நாம் அறியாமலும் இல்லை. பள்ளிக்கூடக் குழந்தைகளை அடைத்துக்கொண்டு வந்த மாருதி ஆம்னி வேனில் முன் ஸீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின் இருக்கும். வெயில் காலத்தில் உட்கார்ந்தவர்களுக்குச் சூடு தெரிந்திருக்கும். ஆனால் ஆம்னியில் எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே தூரம் உண்டு. ஆகவே அதில் நீண்ட தண்டும் உண்டு. பந்தயக் காரில் அந்தத் தூரமே இல்லை. எஞ்சினுக்கு அடுத்த கையகல இடத்தில் கியரும் டிபரென்ஷியலும் அடங்கியாக வேண்டும். அங்கேதான் இரட்டைப் பெட்டி இல்லாமல் முடியாது.

ஆனால் பந்தயத்துக்கென்றே செய்த இரட்டைப் பெட்டி யானை விலை. அதைச் செய்கிற கம்பெனிகளோ உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவை. பிறகு ஏழை எளியவன், ஏன், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைதான் எப்படிப் பந்தயம் ஓட்டுவது? கதாநாயகர் இங்கேதான் வருகிறார்.

கோவையிலிருந்து ஒரு யோசனை

எஸ். கரிவரதன். கோயம்புத்தூர் லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். வசதிக்குக் குறைவில்லை. தாமே பந்தயக் கார் ஓட்டிப் பெயர் வாங்கியவர். சென்னைக்கு அருகே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்துவந்த காலம் அது. தமக்குக் கிடைத்தது போதும் என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பந்தயக் கார் நம் ஊரிலேயே, நம் ஊர்ப் பட்டறையிலேயே செய்ய முடியாதா என்று யோசித்தார்.

1988-இல் அவருடைய யோசனை வண்டியாக உருண்டு வந்தது. ஒருவர் மட்டும் உட்காரும் சின்னஞ்சிறு பந்தயக் கார். எஞ்சின்? மாருதி 800-இன் அதே 796 சி.சி., மூன்று ஸிலிண்டர் எஞ்சின். இரட்டைப் பெட்டி? அதுவும் அதே மாருதியின் நான்கு கியர் பெட்டி. முன்னால் இருந்ததைப் பின்னால் கொண்டுவந்தார், அவ்வளவுதான்! 'பார்முலா இந்தியா ஸிங்கிள் ஸீட்டர் மாருதி எஞ்சின்' என்ற நீளப் பெயரைச் சுருக்கி 'ஃபிஸ்மி' என்றார்கள். பார்முலா மாருதி என்ற பெயரில்தான் பின்னால் அது பிரபலமாயிற்று.

முன்னால் இருந்த பெட்டி பின்னால் வந்தால் வண்டி பின்னோக்கி ஓடாதா என்று உங்களில் யாராவது கேட்டால், சபாஷ்! நல்ல கேள்வி. குறுக்காக இருக்கும் எஞ்சினை முகம் திருப்பாமல் அப்படியே பின்னால் கொண்டுபோய் வைத்தால் சுழலும் திசை மாறாது. அதையே முகம் திருப்பி வைத்தால் தொல்லைதான். முன்னே போக ஒரே கியர், பின்னே போக நான்கு கியர் என்று ஆகிவிடும்!

இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனிக்கு இந்தச் சங்கடம் நேர்ந்தது. 1966-இல் வெளியான அவர்களுடைய 'யூரோப்பா' காருக்கு, பிரெஞ்சு தேசத்து ரெனால்ட் 16 என்ற குடும்பக் காரின் எஞ்சினையும் இரட்டைப் பெட்டியையும் எடுத்துத் திருப்பி வைத்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றித்தான் வண்டியை முன்னோக்கி ஓட வைக்க முடிந்தது. முதலில் நான்கு கியர், பிற்பாடு ஐந்து கியர் என்று அந்தக் காரில் பெட்டிகள் மாறின. குடும்பக் காரின் பெட்டியைப் பந்தயக் குணமுள்ள காருக்குக் கொண்டுவருவது அப்படி ஒன்றும் கௌரவக் குறைச்சல் அல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

மூன்று பெட்டிகள்

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பந்தயங்களில் வெவ்வேறு காலங்களில் ஓடிய மூன்று வகைப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். புடவைக் கடையில் மூன்று புடவையை விரித்துப் போட்டுப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

முதலாவது, பார்முலா மாருதியின் நான்கு கியர் பெட்டி. மாருதி 800-இன் எஞ்சின் வீட்டுக் காரில் 40 குதிரைச் சக்தியைக்கூட எட்டாதது. நான்கு கியர் என்பது, மாடிக்குப் போக நாலே படி வைத்தாற்போல. ஒவ்வொரு படியும் உயரம். வளைவில் வேகத்தைக் கோட்டை விட்டால், அடுத்த படி ஏற எஞ்சின் மூச்சு முட்டும். போன வேகம் லேசில் திரும்பாது. ஆகவே இந்த வண்டியில் பழகுகிறவர் ஒரு பாடத்தை நன்றாகக் கற்றுக்கொள்வார். வேகத்தைச் சம்பாதிப்பதைவிட, சம்பாதித்த வேகத்தைக் காப்பாற்றுவதுதான் கெட்டிக்காரத்தனம். சொற்ப வருமானத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இந்தப் பாடம் புதிதா என்ன?

இரண்டாவது, எல்.ஜி.பி. பார்முலா 4 என்ற வண்டியின் ஐந்து கியர் பெட்டி. எல்.ஜி.பி. என்பது கோயம்புத்தூரில் பஸ் கம்பெனியாகத் தொடங்கி, மோட்டார் சைக்கிள் சங்கிலிக்குப் பெயர் பெற்ற எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ். இந்த வண்டியில் மாருதி ஸ்விஃப்டின் 1,300 சி.சி. எஞ்சின். அதே எஞ்சின் வீட்டுக் காரில் சுமார் 87 குதிரைச் சக்தி தந்தது. பலம் இரண்டு பங்குக்கு மேல். படிகள் நான்குக்குப் பதில் ஐந்து. மாடியின் உயரம் கூடினாலும், ஏறுவது எளிதாகிவிடுகிறது. எந்த வளைவிலும் ஏதாவதொரு கியர் பொருத்தமாக அமையும். ஆனால் இதுவும் வீட்டுக் காரின் வழியில் வந்ததே. இடது வலது, மேலே கீழே என்று கோலப் புள்ளி இணைப்பதுபோல் கியர்த் தடியைப் போட வேண்டும்.

இந்த இரண்டு பெட்டிகளுக்குள்ளும் பித்தளை வளையங்கள் உண்டு. வேறு வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பற்சக்கரங்களைச் சட்டென்று சேர்த்தால் 'கடகட'வென்று சண்டை போடும். இந்த வளையங்கள் இடையில் புகுந்து, இரண்டையும் தடவிக் கொடுத்து, ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து வைக்கின்றன. சம்பந்திச் சண்டையைத் தீர்த்து வைக்கும் மாமாவைப் போல. ஆனால் மாமா சமாதானம் பேச நேரம் எடுத்துக்கொள்வார் அல்லவா? இந்த வளையங்களும் அப்படியே.

மூன்றாவது பெட்டியில் அந்தச் சமாதானத்துக்கே இடமில்லை. பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் எஞ்சின் பொருத்திய பார்முலா பி.எம்.டபிள்யூ. வகைக் கார்கள் 2010-களில் கோவைக்கும் வந்து ஓடின. 140 குதிரைச் சக்தி. ஆறு கியர். பந்தயத்துக்கென்றே செய்த பெட்டி. கோலம் போடும் வேலையே கிடையாது. மோட்டார் சைக்கிள்காரர் காலால் தட்டுவதைப்போல, கையால் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த கியர். மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவ முடியாது. வரிசையாகத்தான் போக வேண்டும். பித்தளை வளையத்துக்குப் பதில் முரட்டுப் பற்கள் நேராகக் கவ்விக்கொள்கின்றன. கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாறிவிடும். சத்தம் அதிகம், தேய்மானம் அதிகம், செலவும் அதிகம்.

மூன்றில் எது உசத்தி? "ஆறு கியர்தான், இதிலென்ன சந்தேகம்!" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கடல் கடந்து போய் ஒரு சம்பவத்தைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லலாம்.

போர்டு கம்பெனி பட்ட பாடு

2019-இல் வந்த 'போர்டு வெர்ஸஸ் பெராரி' என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை பாதி தெரியும். பிரெஞ்சு தேசத்து லெ மான் நகரில் 24 மணி நேரம் விடாமல் ஓடும் கார்ப் பந்தயம் ஒன்று உண்டு. அதில் இத்தாலியப் பெராரியைத் தோற்கடிக்க வேண்டும் என்று அமெரிக்கப் போர்டு கம்பெனி கங்கணம் கட்டிக்கொண்டது. ஜி.டி.40 என்ற காரைச் செய்தது. எஞ்சின் முதுகுக்குப் பின்னால்.

1964-இல் மூன்று கார்கள் போயின. ஒன்றுகூட முடிக்கவில்லை. ஒன்று தீப்பிடித்தது. மற்ற இரண்டையும் கவிழ்த்தது எது தெரியுமா? இத்தாலியிலிருந்து வாங்கிய கொலோட்டி என்ற இரட்டைப் பெட்டி! எஞ்சினின் பலத்தை அதனால் தாங்க முடியவில்லை.

பிறகு ஜெர்மனியின் இஸட்.எப். கம்பெனியின் ஐந்து கியர் பெட்டியைச் சில கார்களில் வைத்தார்கள். 7 லிட்டர் ராட்சஸ எஞ்சின் வந்தபோது, அதற்கென்று டி-44 என்ற பெட்டியைத் தாங்களே செய்தார்கள். இதில் நான்கே கியர்! போர்டின் பெரிய குடும்பக் காரில் இருந்த பற்சக்கரங்களின் வழியில் வந்த, கனமான, முரட்டுப் பெட்டி. 1965-இலும் ஜி.டி.40 ஒன்றுகூட முடிக்கவில்லை. விடாமல் பலப்படுத்தினார்கள். 1966-இல் அந்த நான்கு கியர் பெட்டியுடன் ஓடிய கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவில் டேடோனா என்ற ஊரில் 24 மணி நேரப் பந்தயம். அதே டி-44 பெட்டியுடன் ஆறு கார்கள் இறங்கின. ஒன்றே ஒன்றுதான் கடைசிவரை ஓடியது. ஜெயித்த அதே பெட்டி இப்போது ஏன் காலை வாரியது? பெட்டிக்குள் ஒரு தண்டு. அதைக் காய்ச்சிப் பதம் போடும்போது தவறிவிட்டது. அந்தத் தண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒடிந்தன. நம் ஊர்க் கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போது பதம் பார்ப்பார். பதம் குறைந்தால் முனை மழுங்கும், மிஞ்சினால் தெறித்து உடையும். கோடி கோடியாகச் செலவழித்த கம்பெனியைக் கவிழ்த்ததும் அந்தப் பதம்தான்! அன்று முதல் மூன்று இடங்களும் பெராரிக்கு. நாலு மாதத்தில் குறையைத் தீர்த்துக்கொண்டு, அதே வகைப் பெட்டியுடன் லெ மானில் மறுபடியும் ஜெயித்தது போர்டு.

1968-இலும் 1969-இலும் லெ மானில் ஜெயித்தது யார்? சிறிய எஞ்சினும் ஐந்து கியர் இஸட்.எப். பெட்டியும் உள்ள ஜி.டி.40. அதிலும் இரண்டு வருஷமும் ஜெயித்தது ஒரே கார்!

இப்போது சொல்லுங்கள், எது உசத்தி? பெரிய எஞ்சினுக்குப் பலம் ஏராளம். அதற்கு நான்கு படி போதும், படி உறுதியாக இருக்க வேண்டும். சிறிய எஞ்சினுக்கு ஐந்து படி இருந்தால் நல்லது. கியரின் எண்ணிக்கை அழகு அல்ல, பொருத்தம்தான் அழகு. வரன் பார்க்கும்போது நாம் சொல்வதில்லையா, 'பெரிய இடம்' என்பதைவிட 'ஒத்துப்போகிற இடம்' முக்கியம் என்று? அதேதான்.

கரிவரதன் கண்ட பொருத்தம்

கரிவரதன் பார்த்த பொருத்தம் இன்னொரு வகையானது. அவர் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் மட்டும் பொருத்தம் பார்க்கவில்லை. பெட்டிக்கும் ஊருக்கும் பொருத்தம் பார்த்தார்.

மாருதியின் பெட்டி கெட்டுப்போனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால் போதும். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம், சுங்க வரி கட்ட வேண்டாம். மாருதியைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் ஊர் ஊராக இருந்தார்கள். வார்ப்புப் பட்டறையும் கடைசல் பட்டறையும் நிறைந்த கோயம்புத்தூரில் மற்ற வேலைக்கும் குறைவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி எஞ்சின், ஒரே மாதிரி பெட்டி என்பதால், ஜெயித்தவன் ஓட்டத் தெரிந்ததால் ஜெயித்தான். பணத்தால் ஜெயித்தான் என்று யாரும் முணுமுணுக்க முடியாது.

அந்தச் சின்ன வண்டி எவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கோயம்புத்தூரில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது பார்முலா மாருதியில்தான், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பாதையில். 2005-இல் அவர் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவருக்குப் பின் பார்முலா ஒன்னுக்குப் போன சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியில் தொடங்கியவரே.

இவற்றையெல்லாம் பார்க்கக் கரிவரதனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1995-இல் விமான விபத்து ஒன்றில் அவர் உயிர் நீத்தார். நாற்பதைத் தாண்டிச் சொற்ப காலமே ஆகியிருந்தது. தாம் உருவாக்கிய சின்ன வண்டியிலிருந்து ஒருவர் உலக மேடைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் இல்லாமற்போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயப் பாதைக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம். ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 100 கிலோமீட்டர். காலையில் பலகாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், பந்தய நாளில் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2018-ஆம் வருஷத்துத் தேசியப் போட்டியில், மேலே சொன்ன எல்.ஜி.பி. பார்முலா 4 வண்டிகளில் முழுக்கப் பெண்களே கொண்ட ஓர் அணி ஓட்டியது. ஐந்து கியர் பெட்டிக்கு ஆண் கை, பெண் கை என்ற பேதம் தெரியாது. பதமான கை, முரட்டுக் கை என்ற பேதம்தான் தெரியும்.

உங்கள் வாசலில் இருப்பதும் அதுவே

முன் சக்கரத்தால் ஓடும் சின்னக் கார் எதுவாக இருந்தாலும் அதில் இரட்டைப் பெட்டிதான் இருக்கிறது. பந்தயக்காரர்கள் படித்த பாடத்தில் நமக்கு உதவும் நாலு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டும்போது இடது காலைக் கிளச்சின் மேலேயே வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கால் மிதியடி அல்ல அது. கிளச்சு நழுவி நழுவித் தேயும்.

கியர்த் தடியைக் கைதாங்கியாக வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கையின் பாரம் தடி வழியாகப் பெட்டிக்குள் இறங்கி, சும்மா இருக்க வேண்டிய பாகங்களை ஓயாமல் உரசவிடும்.

வண்டி முழுவதும் நின்ற பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான வீட்டுக் கார்களில் ரிவர்ஸ் கியருக்கு அந்தச் சமாதானப் பித்தளை வளையம் கிடையாது. 'கறக்' என்று கேட்டால் பல் பல்லைக் கடிக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன் சக்கரத்துப் பக்கம் 'டக் டக் டக்' என்று கேட்கிறதா? பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டின் மூட்டு தேய்ந்திருக்கலாம். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்தால்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். உறை கிழிந்த உடனேயே மாற்றினால் செலவு கொஞ்சம். சத்தம் வந்த பிறகு மாற்றினால் செலவு அதிகம். சர்வீஸுக்கு விடும்போது, "அந்த ரப்பர் உறையைப் பாருங்க, கியர் ஆயிலையும் பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள். மெக்கானிக் நிமிர்ந்து பார்ப்பார்!

எட்டாத விலையில் இருந்த பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்காராமல், தெருவில் ஓடிய பெட்டியை எடுத்துப் பந்தயத்துக்குத் தயார் செய்தார் ஒருவர். ஆறு கியர் உயர்வுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஆயிரம் பேர் தள்ளி நின்று பார்க்கிற ஆறு கியரைவிட, பத்துப் பேர் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பழகுகிற நான்கு கியர் ஓர் ஊருக்கு அதிக நன்மை செய்யும். அடுத்த முறை உங்கள் பிள்ளையோ பெண்ணோ "அம்மா, கார்ப் பந்தயம் பார்க்கப் போகலாமா?" என்று கேட்டால் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டிகள் 'விர்'ரென்று கடந்து போகும்போது அவர்கள் சக்கரத்தைப் பார்க்கட்டும். நீங்கள் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியுமே!